சந்தில் சாத்தியிருந்த ஜன்னல்

போன மாதம் அந்தோணி என் வீட்டுக்கு வந்தான். என்னோடு பன்னிரண்டு வருடம் ஏசி வேலை பார்த்தவன். இப்போது அரியலூரில் சொந்தக் கடை வைத்திருக்கிறான், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்தில் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அண்ணே, இப்ப வர்றவன் எல்லாம் ஹீட் பம்ப், ஹீட் பம்ப்ங்குறான். சுடுதண்ணிக்கு ஒண்ணு, ஏசியிலயே சூடும் குளுரும் தர்றது ஒண்ணு. நம்ம ஊரு வெயிலுக்கு எது சரியா வரும், எப்படிப் பாத்து வாங்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"எட்டாங் கிளாஸ் பாதியில நின்னவன்டா நானு."

"அதனாலதான் கேக்குறேன். படிச்சவன் எழுதுனா எங்களுக்குப் புரிய மாட்டேங்குது."

வாசல் வரை போனவன் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான். "இன்னொண்ணுண்ணே. லெப்பைக்குடிகாட்டுலேர்ந்து ஒரு பார்ட்டி கூப்புட்டுச்சு. சுடுதண்ணி மெஷின் வேணுமாம். நான் வந்து பாக்குறேன்னேன். அந்தப் பொண்ணு உங்களத்தான் வரச் சொல்லுது."

"எந்தப் பொண்ணு?"

அவன் குனிந்து அடுத்த செருப்பை மாட்டினான். எனக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் பரீதா. அவள் வீட்டுச் சந்தில் நான் மாட்டிய ஒரு ஏசியால்தான் அவள் அம்மா இறந்துபோனார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், எட்டு வருடமாக எனக்குள்ளேயே. ஹீட் பம்ப் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதவேண்டும் என்றால் அதை எழுதாமல் என்னால் முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹீட் பம்ப் என்பது புதிதாக வந்த பூதம் இல்லை. நாம் நாற்பது வருடமாக மாட்டுகிற ஏசியும் அதுதான், சமையலறையில் நிற்கிற ஃபிரிட்ஜும் அதுதான். ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிற யந்திரம். ஏசி அறைக்குள் இருக்கிற சூட்டை வெளியே கொட்டும். சுடுதண்ணீர் மெஷின் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டைத் தண்ணீருக்குள் கொட்டும், மிச்சக் காற்றைக் குளிர வைத்து வெளியே தள்ளும். சூடு அழிவதில்லை. இடம்தான் மாறுகிறது.

இதை எனக்குச் சொன்னவர் சுப்பையா அண்ணன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்குப் பட்டறை. குரும்பலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து அவரிடம் தொழில் கற்றேன். செப்புக் குழாய் வளைப்பது, வாய் விரிப்பது, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, குழாய்க்குள் காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருப்பது, எல்லாம் மூன்று வருடத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: அவர் கேட்கிற கேள்விக்கு உடனே பதில் சொல்வது.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். வாடிக்கையாளர் வீட்டில் வேலை முடிந்து நாங்கள் சாமான்களைப் பையில் போடும்போது, தணிந்த குரலில் கேட்பார்: "சூடு எங்க போவுது?"

"வெளியில போவுதுண்ணே."

"வெளியிலன்னா எங்க?"

சரியான பதில் வரவில்லை என்றால் அவுட்டோர் மெஷினுக்கு எதிரே நம்மை நிற்க வைப்பார். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம். மே மாதத்தில் ஒரு பீடி நேரம் என்பது சின்ன நேரம் இல்லை.

வீட்டுக்கு மெஷின் தேர்ந்தெடுக்க அவர் போகிற முறையே வேறு. காலையில் போக மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்குப் போய், அந்த அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருவார். நாலு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மேற்குச் சுவர் சுட்டால் அறையின் நீள அகலம் பார்த்துச் சொன்ன டன் போதாது. மேலே மாடி இல்லாமல் வெறும் தளம் என்றால் இன்னும் கூட்டுவார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். பிறகு அடுப்படியில் தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, அடியில் வெள்ளையாகக் காரை பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவார். அந்த வீட்டில் தண்ணீர் சூடாக்குகிற எந்த மெஷினும் எத்தனை நாள் உழைக்கும் என்பது அந்த நகத்தில் தெரியும். நம் பக்கத்து போர் தண்ணீருக்கு இன்றைக்கும் இதுதான் முதல் சோதனை. ஹீட் பம்ப் வாங்குகிறவர்கள் விளம்பரத்தைப் படிக்கும் முன் தங்கள் வீட்டுப் பாத்திரத்தைச் சுரண்டிப் பார்க்கவும்.

அரியலூர்ப் பக்கம் போனால் இன்னொரு சோதனை உண்டு. வாசலில் நிற்கிற மரத்தின் இலையைக் கிள்ளி விரலால் தேய்ப்பார். சிமெண்ட் லாரி போகிற ரோடு என்றால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். அப்படிப்பட்ட இடத்தில் அவுட்டோர் மெஷினின் தகடுகள் நெருக்கமாக இருக்கக் கூடாது, இரண்டு மாதம் ஒருமுறை கழுவுகிற மாதிரி கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மழை பெய்து தூசி இறுகிவிட்டால் அது சுவர்தான். மெஷின் மூச்சு முட்டியே சாகும்.

சூடும் குளிரும் தருகிற ஏசி நமக்குத் தேவையே இல்லை. அதில் வாயுவைத் திருப்பிவிட ஒரு வால்வு கூடுதலாக இருக்கிறது. கெட்டுப்போக ஒரு சாமான் கூடுதல் என்று அர்த்தம். பாடாலூரில் லாரி வைத்திருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மார்கழியில பனி கொட்டுதுய்யா, ஹாட்டும் வேணும்" என்றார். ஒரு கம்பளி போதுமே என்றேன். "நீ மெக்கானிக்கா, இல்ல எங்க சின்னம்மாவா?" என்று கேட்டுவிட்டு வாங்கினார். சூட்டுக்கான பொத்தானை ஒரே ஒரு நாள்தான் அழுத்தினார்களாம். மெஷின் கெட்டுப்போய் அனல் அடிக்கிறது என்று அவருடைய அம்மா எழுந்து வெளியே ஓடிவிட்டாராம்.

நான் இயல்பிலேயே பயந்தவன். மாட்டி முடித்துப் பஸ் ஏறியபின் ஒரு நட்டு சரியாக இறுகியதா என்று சந்தேகம் வந்து, வாலிகண்டபுரத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. எர்த் கம்பி, தண்ணீர் சொட்டுகிற குழாய், பிராக்கெட்டின் போல்ட் எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பயந்தவன் ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

அந்த வீடு ஜமால் பாயுடையது. பரீதாவின் பெரியப்பா, அவர்கள் பேச்சில் பெரியத்தா. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வளைகுடா நாட்டில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மகளுக்குப் பிரசவம் என்று அந்தச் சித்திரையில் வந்திருந்தார். பச்சைக் குழந்தை படுக்கிற அறைக்கு ஏசி வேண்டும். நான் சுப்பையா அண்ணன் முறைப்படி மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தேன், சுவரைத் தொட்டேன், வோல்டேஜ் பார்த்தேன். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஓடுகிற வகையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வீட்டுக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது.

அவுட்டோரை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு வந்தது.

"பின்னாடி கொல்லையில எடம் இருக்கே பாய். காத்தும் நல்லா போவும்."

"கொல்ல வேணாம் செல்வராசு. தம்பி காதர் மவுத்தாயி ஒரு மாசம்தான் ஆவுது. அவன் சம்சாரம் இத்தால இருக்கு. கொல்ல ரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் பொழங்குற எடம்."

இத்தா என்றால் கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பார்கள். லெப்பைக்குடிகாட்டில் அத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதது இல்லை. தம்பி வீடு அடுத்த வீடுதான். நடுவில் ஒரு சந்து.

"அப்ப மாடியில வெச்சுடலாமா?"

"நீதான் மெக்கானிக். சந்துலயும் எடம் இருக்கு, பாத்துக்க."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தளத்தில் கால் வைக்க முடியவில்லை. அந்த வெயிலில் மெஷின் பாவம் என்று தோன்றியது, குழாயும் நீளும். சந்துக்கு வந்தேன். நிழல். ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்ச் சுவரில் ஒரே ஒரு மரஜன்னல், இரண்டு கதவும் சாத்தியிருந்தது.

"இந்த ஜன்னல் தொறப்பாங்களா பாய்?"

ஜமால் பாய் எட்டிப் பார்த்தார். "சாத்தித்தானே கெடக்கு."

அதோடு விட்டேன். மெஷினுக்கு நிழல் பார்த்தேன், மறுநாள் வந்து ஜன்னலுக்கு எதிரே நாலு ஓட்டை போட்டு பிராக்கெட் அடித்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் அறை பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிட்டது. குழந்தையின் பாட்டி எனக்கு நோன்புக் கஞ்சி மாதிரி ஒரு கஞ்சி கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது நட்டு இறுகியதா என்று ஒரு சந்தேகம் வந்தது. இறுக்கியது நினைவு வந்து, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மாட்டிய பதினோராம் நாள் மைமூன் அம்மா, பரீதாவின் அம்மா, அந்த ஜன்னல் உள்ள அறையில் மயங்கிக் கிடந்தார். டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போயிருந்த பரீதா சாயங்காலம் வந்துதான் பார்த்திருக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம், பேச்சு இல்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். வெயில் தாக்கியிருக்கிறது, சர்க்கரையும் இருந்திருக்கிறது என்றார்கள். இத்தா முடியவில்லை, அதற்குள் ஜனாஸா தூக்கிவிட்டார்கள்.

எனக்கு ஜமால் பாய் போன் போட்டது அடக்கம் முடிந்த மறுநாள். "செல்வராசு, வந்து அந்த மெஷினக் கழட்டிடு" என்றார். போனேன். கழற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். "அந்த ஜன்னல்கிட்ட நில்லு."

நின்றேன். இரண்டு சுவருக்கு நடுவில் அனலுக்குப் போக வழியில்லை, சுற்றிச் சுற்றி என் முகத்துக்கே வந்தது. ஜன்னல் பலகையில் கை வைத்தேன், சுட்டது. ஒரு பீடி நேரம் என்னால் நிற்க முடியவில்லை.

"உம்மேல குத்தம் இல்லப்பா" என்றார் ஜமால் பாய். "நான்தான் சந்தக் காட்டுனேன். என் தம்பி வூட்டுல எந்த ஜன்னலு தொறக்கும், எது தொறக்காதுன்னு எனக்கே தெரியல பாரு. வாழ்க்க பூரா அங்க கெடந்தேன்."

அன்றைக்கே மெஷினை மாடியில் ஏற்றிக் கூரை போட்டுக் கொடுத்தேன். அது இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. முதலிலேயே அங்கே வைத்திருக்கலாம்.

சுப்பையா அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டில் இருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சூடு எங்க போச்சு?"

"சந்துக்குண்ணே."

"சந்துல என்ன இருந்துச்சு?"

"ஒரு ஜன்னல். ஆனா சாத்தி இருந்துச்சுண்ணே. நான் போனப்பல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு."

"யாரு சாத்துனா?"

"அந்தம்மாதான். இத்தால இருந்துச்சு."

"எதுக்குச் சாத்துனாங்க?"

அவர் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்தில் வெளி ஆள் நான் நிற்கிறேன் என்பதற்காகச் சாத்தியிருக்கிறார்கள். இடம் பார்க்க வந்த அன்றைக்கும் நான். மாட்டிய அன்றைக்கும் நான். நான் இல்லாத நேரமெல்லாம் அது திறந்துதான் இருந்திருக்கிறது. அந்த அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல். எனக்காகச் சாத்தியதைப் பார்த்து, எப்போதும் சாத்தியிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அதன்பின் மெஷின் அதைத் திறக்க விடவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த எந்த வீட்டிலும் ட்ரில்லை எடுக்கும் முன், அந்த வீட்டுப் பெண்களிடமும் அடுத்த வீட்டுப் பெண்களிடமும் ஒன்று கேட்காமல் இருந்ததில்லை. "நாங்க இல்லாதப்ப எந்த ஜன்னல் தொறந்திருக்கும்?" வாலிகண்டபுரத்தில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னய்யா, ராத்திரிக்கு வரப் போறியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மெஷின் வாங்குகிறவர்களே, மெக்கானிக் இதைக் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள். நாங்கள் பார்ப்பது நாங்கள் வந்திருக்கிற வீட்டைத்தான். நாங்கள் போனபின் இருக்கிற வீடு எங்களுக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை அந்தோணியின் வண்டியில் லெப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். பாதி வழியில், "திரும்பிடுவமாடா?" என்றேன். அவன் வண்டியை ஓரம் கட்டி, "திரும்பட்டுமாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

பரீதா கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் வளைகுடாவில். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "வாங்கண்ணே" என்றாள். நான் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். கையை இறக்கத் தெரியவில்லை.

கேஸ் கீசர் இருந்ததாம், குளியலறைக்குள் பயமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டாளாம். நான் பாத்திரம் கேட்டு வாங்கிச் சுரண்டினேன். காரை கனமாக இருந்தது. தண்ணீரை மென்மையாக்க ஒரு வடிகட்டி இல்லாமல் மாட்டினால் இரண்டு வருடம் தாங்காது என்று சொன்னேன். சாயங்கால வோல்டேஜ் கேட்டேன். மூடிய அறையில் வைத்தால் அந்த அறையே குளிர்ந்து மெஷின் திணறும், நாலு பக்கம் காற்று வேண்டும், மாடி சரியாக வரும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இது குளுந்த காத்து விடுமாமேண்ணே? அந்தோணி அண்ணன் சொன்னாங்க."

"ஆமாம்மா. காத்துல உள்ள சூட்ட எடுத்துக்கிட்டு மிச்சத்த வெளிய விடும்."

"அப்ப சந்துல வைக்க முடியுமா?"

அந்தோணி தரையைப் பார்த்தான்.

"எந்த எடத்துல?" என்றேன், தெரிந்துகொண்டே.

"அந்த எடத்துலதான். எம் பொண்ணு அந்த ரூம்புலதான் தூங்குது." குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "அண்ணே, அன்னைக்கி நான் உங்ககிட்ட வந்தேன். ஒங்களுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு எதுக்க வைக்காதீங்கன்னு சொல்லிட்டு வான்னு அம்மாதான் அனுப்புச்சு. சந்து மொனையில வந்து நின்னேன். நீங்க ட்ரில்லு போட்டுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு தடவ கூப்புட்டேன், ஒங்களுக்குக் கேக்கல. கூச்சமா இருந்துச்சு, அப்புறம் பெரியத்தாகிட்ட சொல்லிக்கலாம்னு போயிட்டேன். போயி அம்மாகிட்ட, சொல்லிட்டேன்னு சொன்னேன்."

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"மறுநாளு பெரியத்தாகிட்ட சொல்றேன்னேன். அம்மா வேணாம்னுடுச்சு. பச்சப்புள்ள உள்ள வூடு, நாம ஒண்ணு சொல்லப்போயி மனசு சங்கடப்படும், இத்தா முடிஞ்சா நான் முன் ரூம்புக்குப் போயிடப் போறேன்னுச்சு."

எட்டு வருடமாக அந்த ஜன்னலுக்கு ஆளுக்கு ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு இருந்திருக்கிறோம். உன் மேல் குற்றம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல நான் யார்? ஜமால் பாய் எனக்குச் சொன்னபோது அது எனக்குள் இறங்கவே இல்லை.

சந்துக்குப் போனேன். அந்தோணியை முனையிலேயே நிற்கச் சொன்னேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நாங்க இல்லாதப்ப எந்த ஜன்னல் தொறந்திருக்கும்மா?"

"எப்பவும் எல்லாமே தொறந்துதாண்ணே இருக்கும். நீங்க வரீங்கன்னு அத மட்டும் சாத்தி வெச்சேன்."

"தொறம்மா."

அவள் வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டு கதவும் உள்பக்கமாகத் திறந்தன. உள்ளே ஒரு கட்டில், மடித்து வைத்த போர்வை, சுவரில் குழந்தையின் சட்டை ஒன்று தொங்கியது. அந்த அறையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

நான் எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். தோளுக்குப் பின்னால் அந்த நாலு போல்ட் ஓட்டைகளும் பூசாமல் அப்படியே இருந்தன. அன்று டேப் வைத்து மெஷினின் மூச்சுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். ஜன்னலுக்கு எவ்வளவு என்று அளக்கவில்லை. இப்போது அதை அளக்கக் கையை நேராக நீட்டினேன். விரல் ஜன்னல் கம்பியைத் தொட்டது.